முப்பத்தைந்து டிகிரிக்கு மேல்

1

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நகர மன்றத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். எழுபது வயதைத் தாண்டித் தனியாக வாழ்பவர்களின் பட்டியல் ஒன்று இங்கே உண்டு. அதில் நானும் இருக்கிறேன். பழனிவேல் என்ற என் பெயரை மூன்று முறை முயன்றுவிட்டு, "மிஸ்டர் பழனி" என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்து நான் பாதிப் பெயரோடுதான் நடமாடுகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

"இன்று கடுமையான வெயில். உங்கள் அறையில் தெர்மாமீட்டர் இருக்கிறதா?"

நான் வேதியியல்காரன். வீட்டில் நான்கு இருக்கின்றன. முப்பத்திரண்டு என்றேன்.

அவள் பதறினாள். திரையை மூடுங்கள், தண்ணீர் குடியுங்கள், பாதங்களைக் குளிர்ந்த நீரில் வையுங்கள் என்று ஒரு தாளிலிருந்து வாசித்தாள். நான் சிரித்தேன். "அம்மா, நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். இது எங்களுக்கு நல்ல நாள்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "வெப்ப நாடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குளிரில் ரொம்ப காலம் இருந்துவிட்டால் சூடு மறந்துபோகும் மிஸ்டர் பழனி. உங்களுக்குத் தெரியாமலே ஏறிவிடும். நான்கு மணிக்கு மறுபடியும் பாருங்கள்."

நான்கு மணிக்குப் பார்த்தேன். முப்பத்தாறு.

தெர்மாமீட்டருக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சூடு மறந்துபோகும் என்று அந்தப் பெண் போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் பதினாறு வருடங்களாக நான் யாரிடமும் சொல்லாத குற்றத்தின் விளக்கம் அதுவாகவே இருந்தது.

இந்தப் பத்திரிகைக்கு அவ்வப்போது குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன். பனி பெய்யும் தெரு, மூன்று நிறக் குப்பைத் தொட்டிகள், மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தது, இப்படியெல்லாம். படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் எழுதினார்கள். இந்த முறை எழுதுவது அப்படிப்பட்டதல்ல.

2

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் திரவப் படிகங்களோடு வேலை செய்தவன். பார்க்க எண்ணெய் போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் தண்ணீரில் இருப்பதுபோலத் தாறுமாறாகக் கிடக்காமல், ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நிற்கும். உங்கள் தொலைக்காட்சித் திரையிலும் கால்குலேட்டரிலும் இருப்பது அந்தக் குடும்பத்துப் பொருள்தான். சின்னத் தூண்டுதல் போதும், வரிசை திரும்பிவிடும். மின்சாரத்துக்கு மட்டுமல்ல, சில விஷவாயுக்களுக்கும் திரும்பும். என் ஆராய்ச்சி அந்த வாயுக்களைப் பற்றியது.

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. படிக்கும்போது கோயம்புத்தூர்க் கல்லூரியின் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை நாங்களே தயாரிப்போம். அழுகிய முட்டை நாற்றம். "நாற்றம் வரும்வரை பயமில்லை. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டால் ஓடு" என்றார் ஆசிரியர். என் பக்கத்தில் நின்றிருந்த இப்ராகிம், "அப்ப நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுல நாத்தம் வரலைன்னாத்தான் பயப்படோணும்டா" என்றான். இருவரையும் வெளியே அனுப்பினார்கள். கோட்டைமேட்டு இப்ராகிமும் காங்கேயத்து நானும் சிநேகிதரானது அந்த வராண்டாவில்தான்.

நான் இங்கே வந்தேன். அவன் சோமனூர்ப் பக்கம் சாயப்பட்டறை போட்டான். தறிகளுக்கு நூல் சாயமேற்றும் பட்டறை. பதினாறு வருடங்களுக்கு முன் தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது என்னை அங்கே கூட்டிப்போனான். பின்புறம் கழிவுத் தொட்டி. அடியில் சேறு படிந்துவிடும். மாதம் ஒருமுறை ஆள் இறங்கி அள்ள வேண்டும். அந்தச் சேற்றிலிருந்து வருவதும் அதே வாயுதான். பக்கத்துப் பட்டறை ஒன்றில் அப்போதுதான் இரண்டு பேர் செத்திருந்தார்கள்.

"லாந்தரைக் கட்டி எறக்குவாங்க. அணையலைன்னா ஆள் எறங்கும்" என்றான்.

"விளக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா என்றுதான் சொல்லும். இந்த வாயுவைக் காட்டாது" என்றேன்.

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். டிவிக்குள்ள ஊத்தற என்னமோ சமாச்சாரம் பண்றேன்னியே, அதுல எனக்கொண்ணு பண்ணிக் குடுறா. படம் பாக்க இல்ல. உசுரைக் காப்பாத்த."

என் பையிலேயே இருந்தது. ஆய்வகத்தில் அப்போதுதான் செய்து முடித்திருந்த அட்டை. தீப்பெட்டி அளவுக் கண்ணாடி, அதன்மேல் திரவப் படிகத்தின் மெல்லிய படலம், முன்னும் பின்னும் ஒளியை வடிகட்டும் இரண்டு தாள்கள். நல்ல காற்றில் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், அட்டை கறுப்பாகத் தெரியும். விஷவாயு பட்டால் அவை சாய்ந்து படுத்துக்கொள்ளும், அட்டை வண்ணமாக ஒளிரும். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம்.

பட்டறையில் தொட்டி வேலை பார்த்தவர் சின்னச்சாமி. நாற்பது வயதுக்குள் இருக்கும். கயிற்றில் அட்டையைக் கட்டி அவர்தான் இறக்கினார். தூக்கிப் பார்த்தபோது நீலமும் மஞ்சளுமாக மினுங்கியது.

"அடேங்கப்பா, மயிலாட்ட இருக்குதுங்க" என்றார்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஊட்டுக்காரி நெனப்புத்தான்" என்று இப்ராகிம் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவியின் பெயர் மயிலாத்தாள்.

தை மாதக் காலை அது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

பத்து அட்டைகளைக் கொடுத்துவிட்டு, தமிழில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. 'கறுத்திருந்தால் இறங்கலாம். ஒளிர்ந்தால் இறங்கக் கூடாது.' சின்னச்சாமி அதை மனப்பாடம் செய்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாராம். கடைசி வரியாக, ஆய்வகப் பழக்கத்தில், 'அறை வெப்பநிலையில் பயன்படுத்தவும்' என்றும் எழுதியிருந்தேன். என் அறை இங்கிலாந்தில் இருந்தது. அதன் வெப்பநிலை இருபது டிகிரி.

3

சித்திரையில் இப்ராகிம் அழைத்தான்.

"சின்னச்சாமி போயிட்டான்டா. தொட்டிக்குள்ளயே."

"அட்டை?"

"எறக்கிப் பார்த்திருக்கான். கறுப்பாத்தான் இருக்குது, எறங்கறேன்னு கயிறு புடிச்சவங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்கியிருக்கான். கையில இருந்த அட்டையும் தண்ணிக்குள்ள விழுந்து ஊறிப்போச்சு."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு இருக்கும்."

"வெயிலா?"

"என்றா கேள்வி இது? சித்திரையில வெயில் அடிக்காம?"

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பயன்படுத்திய திரவப் படிகம் ஏறக்குறைய முப்பத்தைந்து டிகிரியில் தன் வரிசையை இழந்து சாதாரண எண்ணெய் ஆகிவிடும். அதன் பிறகு அதற்கு நிமிர்வதும் தெரியாது, படுப்பதும் தெரியாது. எந்த வாயு வந்தாலும் அட்டை கறுப்பாகவே இருக்கும். அதாவது, இறங்கலாம் என்றே சொல்லும். இது என் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுத்த பாடம். அறுபது டிகிரி வரை தாங்கும் கலவை ஒன்று பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. அது மெதுவாக நிறம் மாறும் என்பதால் ஒதுக்கிவிட்டேன். காங்கேயத்தில் பிறந்து, சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நின்று கல்லூரி போனவன், அந்த வெயிலை மறந்து ஒரு கருவி செய்தேன்.

அது பிழை. பிழையை மன்னிக்கலாம். அதற்கு அடுத்து நான் சொன்னதுதான் குற்றம்.

"வெயிலில் கண் கூசியிருக்கும் இப்ராகிம். நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாகப் பார்க்காமல் இறங்கியிருப்பார்."

"அப்படீங்கறயா?" என்றான்.

"அப்படித்தான் இருக்கும்."

மீதி அட்டைகளைத் தூக்கிப்போடு, இதைவிடத் தெளிவாகத் தெரிகிற புதியது அனுப்புகிறேன் என்றேன். இன்னொருவர் சாகக் கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. உண்மையைச் சொல்கிற அளவுக்கு இல்லை. புதியது எதையும் நான் அனுப்பவும் இல்லை.

மறுநாள் ஆய்வகத்தில் ஓர் அட்டையைச் சூடான தட்டின்மேல் வைத்து வாயுவைச் செலுத்தினேன். முப்பத்து மூன்றில் ஒளிர்ந்தது. முப்பத்து நான்கில் ஒளிர்ந்தது. அதற்கு மேல் ஓரத்திலிருந்து கறுப்பு பரவி மூடியது. கதவைத் தாழிட்டுவிட்டு அதையே மூன்று முறை செய்து பார்த்தேன்.

நான் சொன்ன காரணத்தை இப்ராகிம் போலீஸிடம் சொன்னான். 'லண்டன் விஞ்ஞானி' சொன்னதாக அது எழுதப்பட்டது. ஒருவன் பட்டப்பகலில் அட்டையைச் சரியாகப் பார்க்காமல் ஏன் இறங்குவான் என்று ஊர் யோசித்தது. குடித்திருப்பான் என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. ஒரு வருடத்தில் இப்ராகிம் பட்டறையை மூடிவிட்டான்.

அடுத்த ஆண்டு வெளியான என் ஆய்வுக் கட்டுரையில், ஒரு படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில், இந்தச் சாதனம் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் பயன்படாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். பாவத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக அன்று நிம்மதியாகக்கூட இருந்தது. சோமனூரில் அந்த இதழ் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

4

அதன் பிறகு நான் ஊருக்குப் போகவே இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு என் விரல்களைக் காட்டுவேன். இந்தியாவுக்குப் போய்வர எங்களைப் போன்றவர்களுக்குத் தரும் அடையாள அட்டைக்குத் தூதரகத்தில் கைரேகை கேட்டார்கள். நாற்பது வருடம் கரைப்பான்களில் ஊறி என் விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. இயந்திரம் மூன்று முறை 'மீண்டும் முயலவும்' என்றது. கவுண்டரில் இருந்தவர் தெலுங்குக்காரர் போல. "சார், உங்களுக்கு ரேகையே இல்லை, நீங்கள் கொலை செய்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது" என்று விளையாட்டாகச் சொன்னார். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி வரச் சொன்னார். நான் போகவில்லை. நல்ல காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

மனைவி சுசீலா இறந்து ஆறு வருடமாகிறது. அவளிடமும் சொல்லவில்லை. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கும் பழக்கம் மட்டும் ஒரு வருடம்வரை போகவில்லை. இப்போது ஒன்றுதான் எடுக்கிறேன். கடைக்குப் போகிறேன், நூலகத்துக்குப் போகிறேன். பேசும் ஆட்கள் இல்லாததால் சில நாட்கள் மாலையில் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வேன், குரல் வருகிறதா என்று.

மகள் கவிதா ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுவாள். மாத்திரை, குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது, இந்தப் பெரிய வீடு எதற்கு, இந்த வரிசையில் கேட்பாள். சிறுவயதில் தமிழ் பேசிக்கொண்டிருந்தவள்தான். ஆங்கிலம் பேசினால்தான் பள்ளியில் முன்னேறுவாள் என்று வீட்டிலும் ஆங்கிலம் பேச வைத்தது நான். இப்போது 'அப்பா' என்பது ஒன்றுதான் மிச்சம்.

வெயில் வந்த வாரத்து ஞாயிறன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொல்கிறேன். தமிழில்தான் ஆரம்பித்தேன். அவள் "மெதுவாக, அப்பா" என்றாள். ஆங்கிலத்துக்கு மாறினேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது ஒரு தொழிற்சாலை விபத்தின் அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. எனக்கே கேட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் உதவத்தானே நினைத்தீர்கள். இவ்வளவு காலம் உங்களை நீங்களே வதைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றாள். ஒரு மனநல ஆலோசனை நிலையத்தின் படிவத்தை அனுப்பினாள். அன்பாகத்தான் அனுப்பினாள். 'கடந்த இரண்டு வாரங்களில் உங்களைப் பற்றி நீங்களே மோசமாக உணர்ந்தது எத்தனை நாட்கள்?' என்று கேட்டிருந்தது. நான்கு கட்டங்கள். ஒருவேளை நான் நியாயமாகவே மோசமானவனாக இருந்தால் எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்று அதில் சொல்லவில்லை.

அப்போதுதான் புரிந்தது. நான் சொல்ல வேண்டிய இடம் இங்கே இல்லை.

5

இப்ராகிமுக்கு வயது எழுபத்து நான்கு. மகன் வீட்டில், கோட்டைமேட்டில் இருக்கிறான். பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவன் அனுப்புவான். அவ்வளவுதான். நான் அழைத்ததும், "யாரு, துரைங்களா? என்ன, வழி தவறிப் போன் பண்ணிட்டீங்களா?" என்றான். முழங்கால் வலி, பேத்தியின் கல்லூரி என்று ஐந்து நிமிடம் பேசினான். பிறகு நான் சொன்னேன். முப்பத்தைந்து டிகிரி, சூடான தட்டு, மூன்று முறை. எதையும் விடவில்லை.

அவன் பக்கம் தெருவில் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீ போன் செய்த அன்றைக்கே."

"அன்னிக்கேவா?"

"அன்றைக்கே."

"நான் சோமனூர் போறதுன்னா அவன் ஊட்டு வீதி வழியாப் போறதில்லைடா. சுத்திப் போவேன். ஆளைச் சரியாப் பழக்காம எறக்கிவுட்டுட்டேன்னு. என்ற ஊட்டுக்காரிகிட்டக்கூட அழுதிருக்கேன். பதினாறு வருசம்." மூச்சு வாங்கினான். "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து சுமந்திருப்போம்ல?"

"இப்ராகிம்" என்று ஆரம்பித்தேன்.

"வெச்சுரு போனை" என்றான்.

மூன்று நாட்கள் வீட்டில் எந்தத் தொலைபேசியும் ஒலிக்கவில்லை. நான்காம் நாள் அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. சலாமும் இல்லை, டேய்யும் இல்லை. "மயிலாத்தா நம்பர் அனுப்பியிருக்கேன். எங்கிட்டச் சொன்னதை அந்தம்மாகிட்டச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லோணும். இங்கிலீஷ் கலக்காமச் சொல்லு."

6

மயிலாத்தாள் போனை எடுத்தபோது பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நூல் சுற்றும் வேலைக்குப் போகிறார். "ஏனுங், சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க, இருங்க, வெளிய வாரேன்" என்றார்.

நான் பெயரைச் சொன்னேன். அந்த அட்டையைச் செய்தவன் என்றேன்.

"லண்டன்காரருங்களா?"

"ஆமாம்மா."

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வரவில்லை. "அம்மா, அந்த அட்டை வெயிலில் வேலை செய்யாது. சூடு ஏறிவிட்டால் விஷவாயு இருந்தாலும் கறுப்பாகவே காட்டும். செய்யும்போது நான் அதை யோசிக்கவில்லை. அவர் இறந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன்."

"அப்ப, அவரு பார்த்தது கறுப்புத்தானுங்களா?"

"கறுப்புத்தான்."

"சரியாத்தான் பார்த்தாருங்களா?"

"சரியாகத்தான் பார்த்தார்."

அவர் அழுவார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"குடிச்சுப்போட்டு எறங்கினான்னு சொன்னாங்க. என்ற மாமியாளே சொன்னாங்க. புள்ளையப் பொண்ணு பாக்க வந்தவங்க, 'அப்பன் குடிச்சுச் செத்தவனாமே'ன்னு கேட்டாங்க. புள்ள மனசுலயும் அதுதான் இருக்குது. அவங்கப்பன் போட்டோவுக்கு இன்ன வரைக்கும் ஒரு பூ வெச்சதில்லீங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று தடுத்துவிட்டார். "நீங்க இதை எழுதிக் குடுங்க. போன்ல சொன்னாருன்னா எவனும் நம்ப மாட்டான். அச்சுல வரோணும். உங்க பேரு போட்டு வரோணும்."

எழுதினேன். மறுநாள் படித்துக் காட்டினேன். 'வெப்பநிலை வரம்பை மீறியதால்' என்று ஆரம்பித்திருந்தேன். "இது யாருக்குங்க புரியும்?" என்றார். அந்த வரியை அடித்தேன். 'சின்னச்சாமி என்பவர்' என்று இருந்தது. "எந்தச் சின்னச்சாமின்னு கேப்பாங்க. ஊரு பேரு போடுங்க. என்ற பேரும் போடுங்க" என்றார். போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "அன்னிக்கு அவரு குடிக்கலைன்னும் சேர்த்துங்க. பழைய சோறு தின்னுபோட்டு, மோர் குடிச்சுட்டுப் போனாரு. நாந்தான் ஊத்திக் குடுத்தேன்."

அவர் ஏற்றுக்கொண்ட வடிவத்தில், ஒரு சொல்லும் மாற்றாமல், இங்கே தருகிறேன். அவர் மகள் படிக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

*சோமனூர் மயிலாத்தாளின் கணவர் சின்னச்சாமி, சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்குவதற்கு முன், விஷவாயு இருக்கிறதா என்று அட்டையை இறக்கிப் பார்த்தார். அட்டை கறுப்பாக இருந்தது. கறுப்பாக இருந்தால் இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். வெயிலில் அந்த அட்டை பொய் சொல்லும். அதைச் செய்தவனும் நான். அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நான் சொன்னது பொய். அவர் சரியாகத்தான் பார்த்தார். அன்று அவர் குடிக்கவில்லை. பழைய சோறு சாப்பிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். இப்படிக்கு, பழனிவேல்.*